சொந்தத்துக்குள்ளேயே முடித்துவிட்டார்கள்

2010 புத்தாண்டு அன்று மாலை. கிழக்கு லண்டனில் நாங்கள் நான்கு பேர் பங்கு போட்டுக் குடியிருந்த வீடு. ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஹீட்டர் போடக்கூடாது என்று எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் இருந்தது, அதை அன்றைக்கு மட்டும் மீறிவிட்டு டாக்டர் ஹூ பார்த்துக்கொண்டிருந்தோம். காலத்தில் பயணம் செய்யும் டாக்டர் என்ற வேற்றுக்கிரகத்து ஆளைப் பற்றிய பிபிசி தொடர் அது. உடம்பு முடியும்போது அவர் வேறோர் உருவம் எடுப்பார், நடிகரும் மாறுவார். அப்போது டாக்டராக நடித்த டேவிட் டெனன்ட் விடைபெறும் கதை. கதிர்வீச்சு பட்டு உடம்பு முடியப்போகிறது, அதற்குள் பழைய கூட்டாளிகளை ஒவ்வொருவராக எட்டிப் பார்த்துவிட்டு வருகிறார். ஊருக்குக் கிளம்புகிறவர் வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொண்டு வருவாரே, அது மாதிரி.

முதல் காட்சியில் மார்த்தா ஜோன்ஸும் மிக்கி ஸ்மித்தும் ஓர் இடிந்த கட்டடத்தில் குண்டுக்குத் தப்பி ஓடி வருகிறார்கள். கல்யாணமான பெண் வருகிற இடமா இது என்கிறான் அவன். அப்படியானால் நீ என்னைக் கட்டியிருக்கவே கூடாது என்கிறாள் அவள். அவ்வளவுதான். இந்த இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகிவிட்டது என்று நமக்குத் தெரியவருவதே அந்த ஒரு பேச்சில்தான்.

சோபாவில் படுத்திருந்த மதுரைக்காரன் எழுந்து உட்கார்ந்தான். "டேய், சொந்தத்துக்குள்ளேயே முடிச்சு விட்டுட்டாங்கடா!"

எல்லோரும் சிரித்தோம், நானும்தான். ஆனால் சிரித்து முடித்த பிறகும் அது எனக்குள் அடங்கவில்லை. ஏனென்றால் அவன் சொன்னது அப்படியே சரி.

இந்தத் தொடர் பதினைந்து வருஷம் நின்று கிடந்து 2005இல் மறுபடி வந்தபோது, முதல் சில வருஷங்களில் அதிலிருந்த முக்கியமான கருப்பினப் பாத்திரங்கள் இவர்கள் இருவரும்தான். மிக்கி காதலித்தது ரோஸ் டைலரை, வெள்ளைக்காரப் பெண். மார்த்தா காதலித்தது டாக்டரை, அவர் வேற்றுக்கிரகத்து ஆள் என்றாலும் பார்க்க வெள்ளைக்காரர். இரண்டும் கைகூடவில்லை. மார்த்தாவுக்கு அப்புறம் டாம் மில்லிகன் என்று ஒரு வெள்ளைக்கார மருத்துவரோடு நிச்சயம் ஆகி, 2008 கதைகளில் மோதிரமே போட்டிருந்தாள். அந்த டாம் எங்கே போனான் என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மிக்கியும் மார்த்தாவும் அதற்கு முன் ஒரு பெரிய கூட்டத்தோடு கூட்டமாக ஒரே கதையில் நின்றிருக்கிறார்கள், கடைசியில் ஒரே பக்கமாக நடந்து போனார்கள். நாம் பார்த்த பழக்கம் அவ்வளவுதான். நம் பாட்டிகள் சொல்வார்களே, வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு ஏன் அலைய வேண்டும் என்று, அந்தக் கணக்குதான். மிச்சமிருக்கிற பையன் ஒருத்தன், மிச்சமிருக்கிற பெண் ஒருத்தி, நிறமும் பொருத்தம், ஆயிற்று முகூர்த்தம்.

எழுதியவர் அப்படி நினைத்து எழுதினார் என்று நான் சொல்லவில்லை. ரஸ்ஸல் டி. டேவிஸ் அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் நிறத்தைப் பற்றி மற்ற பலரைவிடக் கவனமாக இருந்தவர். நம் ஊரில் பொருத்தம் பார்க்கிற பாட்டியும் கெட்ட எண்ணத்தோடு பார்ப்பதில்லை. யோசிக்காமல் கை போகிற இடம் ஒன்று இருக்கும், அங்கே போகும். அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. பிரிட்டிஷ் அறிவியல் புனைகதைத் தொடர் எதைப் பார்த்தாலும் எத்தனை நிறத்து முகங்கள் இருக்கின்றன என்று நான் எண்ணுவதில்லை. யாருக்கு யாரைக் காதலிக்க இடம் கொடுக்கிறார்கள், அந்தக் காதலை அப்புறம் எங்கே கொண்டுபோய் விடுகிறார்கள் என்று பார்க்கிறேன்.

மிக்கியின் கதையை முதலிலிருந்து பாருங்கள். 2005 மார்ச் 26, மறுவருகையின் முதல் கதை. பிளாஸ்டிக் பொம்மைகள் உயிர் பெற்று அலைகின்றன. மிக்கியைக் குப்பைத்தொட்டி விழுங்கிவிட்டு அவனைப் போலவே ஒரு பிளாஸ்டிக் நகலை அனுப்புகிறது. ரோஸ் அந்த நகலோடு உணவகத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறாள், காதலன் பிளாஸ்டிக் ஆகிவிட்டது அவளுக்குத் தெரியவில்லை. நகைச்சுவைதான், நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கதை முடிவில் அவள் டாக்டரோடு கிளம்பும்போது மிக்கியைப் பார்த்து "நன்றி" என்கிறாள். எதுக்கு என்று கேட்கிறான். "அதேதான்" என்று கன்னத்தில் ஒரு முத்தம் வைத்துவிட்டு ஓடுகிறாள். ஒன்றுமே செய்யாததற்கு நன்றி என்று அர்த்தம். முதல் தடவை பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது, அவள் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்து. மூன்றாவது தடவை பார்த்தபோதுதான் அந்தத் தெருவில் நிற்கிறவனைப் பார்த்தேன். அடுத்த வருஷம் அவனே சொல்லிக்கொள்வான், நான் இந்தக் கூட்டத்தில் தகர நாய் என்று.

மார்த்தாவிடம் வருகிறேன், நான் அதிகம் யோசித்தது இவளைப் பற்றித்தான். ஃப்ரீமா அஜேமன் நடித்தது, 2007. மருத்துவ மாணவி. ஷேக்ஸ்பியர் காலத்து லண்டனில் இறங்கியதும் அவள் கேட்கிற கேள்வி நியாயமானது: என்னை அடிமையாகப் பிடித்துக்கொண்டு போய்விட மாட்டார்களா, நான் வெள்ளை இல்லையே? டாக்டர் சொல்கிறார், இந்த இடமே உன்னுடையது போல நட, எனக்கு அது பலிக்கிறது என்று. உங்களுக்குப் பலிக்கும் சார், ஏன் பலிக்காது.

சில வாரம் கழித்து அதற்குப் பதில் மாதிரி ஒரு கதை வருகிறது. 1913, இங்கிலாந்தில் ஒரு பையன்கள் பள்ளிக்கூடம். டாக்டர் எதிரிகளிடமிருந்து ஒளிந்துகொள்ளத் தன் நினைவையெல்லாம் ஒரு கடிகாரத்துக்குள் பூட்டிவைத்துவிட்டு ஜான் ஸ்மித் என்ற சாதாரண வாத்தியாராக மாறிவிடுகிறார். அவருக்கு உத்தியோகம், மரியாதை எல்லாம் கிடைக்கிறது. கூட வந்த மார்த்தாவுக்குக் கிடைப்பது வேலைக்காரி வேலை. மண்டியிட்டுத் தரை துடைக்கிறாள். இந்த மாதிரிக் கையை வைத்துக்கொண்டு சுத்தமாகிவிட்டதா இல்லையா என்று உனக்கு எப்படித் தெரியும் என்று ஒரு மாணவன் கேட்டுவிட்டுப் போகிறான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு துடைக்கிறாள். இரண்டு மாதத்துக்கு மேல் அப்படி. அந்த ஜான் ஸ்மித் பள்ளிக்கூடத்துச் செவிலி ஜோன் ரெட்ஃபர்ன் மீது காதலாகிவிடுகிறார். "போயும் போயும் ஒரு மனுஷியைக் காதலிக்கத்தான் வேண்டுமென்றால், அது நானாக இல்லையே" என்று மார்த்தா தனியாகச் சொல்லிக்கொள்கிற இடம் ஒன்று உண்டு.

அப்புறம் அந்தக் கைக் காட்சி. தான் மருத்துவம் படிப்பதாக மார்த்தா ஜோனிடம் சொல்கிறாள். ஜோன் கெட்டவள் இல்லை, கதையிலேயே மென்மையானவர்களில் ஒருத்தி. அந்த மென்மையான குரலிலேயே, பெண்கள் மருத்துவர் ஆகலாம், ஆனால் ஒரு வேலைக்காரியா, அதுவும் உன் நிறத்தில் ஒருத்தியா என்கிறாள். மார்த்தா தன் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மணிக்கட்டு எலும்புகளின் பெயர்களை வரிசையாகச் சொல்லத் தொடங்குகிறாள்: ஸ்கஃபாய்டு, லூனேட், டிரைகுவெட்ரல், பிசிஃபார்ம்... நிறுத்தாமல், விரல் நுனி வரைக்கும். எதிலாவது படித்திருப்பாய் என்கிறாள் ஜோன். ஆமாம், பரீட்சையில் பாஸாகப் படித்தேன் என்கிறாள் இவள். யார் கை அழுக்கு என்று ஒருத்தன் கேலி பண்ணினானோ அந்தக் கையைத்தான் தூக்கிக் காட்டுகிறாள்.

இவ்வளவு கூர்மையாக எழுதத் தெரிந்த அதே தொடர், அந்தக் காதலை என்ன செய்வது என்று தெரியாமல் அந்த வருஷக் கதைகளின் கடைசியில் அவளைத் தானாகவே விலகிப் போக வைத்தது. போனதுகூடப் பரவாயில்லை, ஒரு பெண் தன் மரியாதையைக் காப்பாற்றிக்கொண்டு வெளியே வருகிறாள், எனக்குப் பிடித்த முடிவு. பிறகு இந்தக் கல்யாணம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், வெள்ளை கருப்பு ஜோடியைத் தொலைக்காட்சியில் காட்டுவதில் பிரிட்டன் ஒன்றும் பின்தங்கிய ஊர் இல்லை. முதல் முத்தம் 1968இல் அமெரிக்காவில், ஸ்டார் ட்ரெக்கில், கேப்டன் கர்க்குக்கும் உஹுராவுக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள் (அதுவும் வேற்றுக்கிரகத்தார் மனசை ஆட்டுவித்துக் கொடுக்க வைத்த முத்தம்). பிரிட்டனில் 1959லேயே ஒரு நேரலை நாடகத்தில் ஜமைக்காக்காரரான லாயிட் ரெக்கார்டும் வெள்ளைக்கார நடிகை ஆண்ட்ரே மெல்லியும் முத்தமிட்டாயிற்று. 1962இல் இன்னொரு நாடகம், அதிலும் ரெக்கார்டுதான். 1964இல் ஓர் ஆஸ்பத்திரித் தொடரில் கருப்பின மருத்துவராக வந்த ஜோன் ஹூலிக்கு ஒரு வெள்ளைக்கார மருத்துவரோடு காதல், முத்தம். அதன் பிறகு அந்தப் பாத்திரத்தை என்ன செய்தார்கள் தெரியுமா? ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிப் பாம்பு கடித்துச் சாகடித்தார்கள். நான் கதை விடவில்லை. முத்தம் கொடுக்க விட்டுவிடுவார்கள், மறுநாள் காலை காப்பி குடிக்க விடுவதுதான் பிரச்சினை.

அறிவியல் புனைகதைக்கு வந்தால், 1970இல் ஐடிவி என்ற பிரிட்டிஷ் தனியார் சேனலில் வந்த யூஎஃப்ஓ தொடர். ஜெர்ரி ஆண்டர்சனும் சில்வியா ஆண்டர்சனும் எடுத்தது, கதை நடப்பது 1980இல். நிலவில் ஒரு தளம், ஊதா முடி வைத்த பெண்கள், அதெல்லாம் ஒரு பக்கம். அதில் மார்க் பிராட்லி என்ற கருப்பின விமானிக்கும் கே எல்லிஸ் என்ற வெள்ளைக்காரப் பெண் தளபதிக்கும் இடையில் ஈர்ப்பு இருக்கிறதோ என்று கணினி சந்தேகப்படுகிற கதை ஒன்று உண்டு. கணினியை வைத்துச் சந்தேகப்பட்டிருக்கிறார்கள் பாருங்கள், அக்கம்பக்கத்து வேலையைக் கணினி பார்த்திருக்கிறது. முடிவில் இருவரும் ஒன்றாகச் சாப்பிடப் போகிறார்கள், அதோடு சரி. ஆனால் அந்தத் தொடரில் என் மனசில் நிற்பது வேறோர் இடம். நிலவுத் தளத்துக்குத் தலைமை ஏற்கச் சொல்லும்போது பிராட்லி தன் நிறத்தைக் காட்டித் தயங்குகிறார். நிறவெறியெல்லாம் ஐந்து வருஷத்துக்கு முன்பே எரிந்து அணைந்துவிட்டது என்கிறார் மேலதிகாரி ஸ்ட்ரேக்கர். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறார் பிராட்லி.

டாக்டர் ஹூவிலேயே 1988இல் வந்த ஒரு கதையைச் சொல்ல வேண்டும். பென் ஆரனோவிச் எழுதியது, சில்வெஸ்டர் மெக்காய் டாக்டர். கதை 1963 நவம்பர் லண்டனுக்குப் போகிறது. ராத்திரி ஒரு டீக்கடையில் டாக்டர் தனியாக உட்கார்ந்திருக்கிறார், கவுண்டரில் ஜோசப் மார்செல் நடித்த ஒரு கருப்பினக் கடைக்காரர். டீக்கு சர்க்கரை வேண்டுமா என்று பேச்சு ஆரம்பிக்கிறது. என் அப்பா கரும்பு வெட்டுகிறவர், இந்தச் சர்க்கரை மோகம் உலகத்தில் வராமலே இருந்திருந்தால் என் கொள்ளுத்தாத்தாவைச் சங்கிலியில் கட்டிக் கிங்ஸ்டனில் விற்றிருக்க மாட்டார்கள், நான் ஆப்பிரிக்கனாகவே இருந்திருப்பேன் என்கிறார். சத்தம் போடாமல், கோப்பையைத் துடைத்துக்கொண்டே சொல்கிற தொனி. ஒரு ஸ்பூன் சர்க்கரையிலிருந்து ஒரு பேரரசு மொத்தமும் அந்தக் கவுண்டரில் வந்து உட்காருகிறது. கருப்பு அல்லாத நமக்கும் அந்தக் கரும்புக்கும் தூரம் இல்லை, அடிமை முறை ஒழிந்த பிறகு அதே தோட்டங்களுக்கு வெட்டப் போனவர்களில் நம் ஆட்களும் உண்டு.

அதே கதையில் டாக்டரின் தோழி ஏஸ், அறை வாடகைக்கு விடும் ஒரு வீட்டில் தங்குகிறாள். அவளுக்குப் பிடித்துப்போன பையனின் அம்மா வீடு. ஜன்னலில் ஓர் அட்டை தொங்குகிறது, திருப்பிப் பார்க்கிறாள்: கருப்பர்களுக்கு இடமில்லை. 1963இல் அது சட்டப்படி தப்பே இல்லை, வீட்டு வாடகையில் பாகுபாட்டைத் தடுத்த சட்டம் வந்தது 1968இல்தான். அவள் ஒன்றும் பேசாமல் வெளியேறுகிறாள். அந்த அறையில் டிவி ஓடிக்கொண்டிருக்கிறது, புதிய அறிவியல் புனைகதைத் தொடர் அடுத்து வருகிறது என்று அறிவிப்பாளர் ஆரம்பித்து, பெயரைச் சொல்லும் முன் காட்சி வெட்டிவிடும். டாக்டர் ஹூவைத்தான் சொல்ல வந்தார் என்று ரசிகர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் ஒரு விஷயம் விட்டுப்போகிறது. நிஜத்தில் 1963 நவம்பர் 23 அன்று ஒளிபரப்பான அந்த முதல் கதையை இயக்கியவர் லக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுசைன், அப்போது வயது 24. அந்த அட்டை தொங்கிய வீட்டில் அவர் கதவைத் தட்டியிருந்தால் அறை கிடைத்திருக்காது, ஆனால் வரவேற்பறையில் அவர் எடுத்த படம் ஓடியிருக்கும்.

ரெட் டுவார்ஃப் என்ற விண்வெளி நகைச்சுவைத் தொடரை விட்டுவிட்டுப் போனால் என் நண்பர்கள் சும்மா விட மாட்டார்கள். அதே 1988இல் பிபிசி 2இல் தொடங்கியது. முப்பது லட்சம் வருஷம் கழித்து மிஞ்சியிருக்கும் ஒரே மனிதன் டேவ் லிஸ்டர், லிவர்பூல்காரன். நடித்த கிரெய்க் சார்ல்ஸ் கலப்பினத்தவர். இங்கிலாந்தின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கலப்பினம் என்று ஒரு பெட்டி வந்ததே 2001இல்தான், அதற்கு முன்பே மனித குலத்தின் மொத்தப் பிரதிநிதியாக அப்படி ஒருவனை உட்கார வைத்துவிட்டார்கள், அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல். கூட இருக்கும் ரிம்மர் அவனுடைய அழுக்கு, சோம்பேறித்தனம், சாப்பாடு எல்லாவற்றையும் திட்டுவான், நிறத்தை இழுத்ததாக எனக்கு நினைவில்லை. லிஸ்டர் ஏங்குவது கோச்சன்ஸ்கி என்ற வெள்ளைக்காரப் பெண்ணுக்கும் காரமான வின்டாலூவுக்கும், எதற்கு அதிகம் என்று சொல்வது கஷ்டம். (ஒரு கதையில் மட்டன் வின்டாலூவே உயிர் பெற்றுத் துரத்தும். பீரை வைத்துத்தான் அதை வீழ்த்துவார்கள். கோவாக்காரர்கள் என்னை மன்னிக்க வேண்டும், நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.) அந்த மௌனம் எனக்குப் பிடிக்கும், கொஞ்சம் உறுத்தவும் செய்யும். பின்னால் கோச்சன்ஸ்கியை மேட்டுக்குடிப் பெண்ணாக மாற்றி எழுதியபோது, இருவருக்கும் உள்ள இடைவெளியை வைத்து எவ்வளவோ நகைச்சுவை வந்தது, எல்லாம் வர்க்கத்தைப் பற்றி. வெள்ளைக்காரன் நாட்டில் வர்க்கத்தைப் பற்றி யார் வேண்டுமானாலும் சிரிக்கலாம், நிறம் என்றால் உடனே எல்லோரும் வானிலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

2018இல் ஜோடி விட்டேக்கர் டாக்டர் ஆனபோது கூட வந்த மூன்று பேரில் கிரஹாம் என்ற வயதான வெள்ளைக்காரரும் ரயன் என்ற கருப்பினப் பையனும் உண்டு. ரயனின் பாட்டி கிரேஸைக் கட்டியவர் கிரஹாம். புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்தபோது கவனித்துக்கொண்ட செவிலிதான் கிரேஸ். அப்பாடா, கல்யாணமான பிறகு ஆரம்பிக்கிற கதை என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். முதல் வாரத்திலேயே கிரேஸ் செத்துப்போனாள். 1964இன் பாம்பு எங்கேயும் போகவில்லை.

ஆனால் இந்தத் தடவை செத்த பிறகும் உறவு சாகவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். மூன்றாவது வாரம் 1955, அலபாமா, வெள்ளைக்காரருக்கு இடம் விட்டு எழுந்திருக்க ரோசா பார்க்ஸ் என்ற கருப்பினப் பெண் மறுத்த பஸ். மலோரி பிளாக்மேன் சேர்ந்து எழுதியது. வரலாறு மாறாமல் இருக்க வேண்டுமானால் இவர்கள் அந்த பஸ்ஸை விட்டு இறங்கக்கூடாது, இறங்கினால் இடம் காலியாகி ஓட்டுநர் ரோசாவை எழுப்ப வேண்டியதே இருக்காது. கிரஹாம் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், கருப்பின மனைவியைப் புதைத்துவிட்டு வந்தவர். எந்த வெள்ளைக்காரர்களின் வசதிக்காக ரோசாவை எழுப்புகிறார்களோ அவர்களில் ஒருவராக நிற்க வேண்டியவர் அவர். எனக்கு இதில் பங்கு வேண்டாம் என்கிறார். அந்த முகத்தைப் பார்த்தபோது, இந்த உறவை இவர்கள் பெயருக்கு எழுதவில்லை என்று தோன்றியது.

அந்த டிசம்பரில் நார்வேயில் நடக்கும் ஒரு கதை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பொய் உலகம், அங்கே கிரேஸ் உயிரோடு நிற்கிறாள். அதே சிரிப்பு, அதே பேச்சு. கிரஹாம் தங்கிவிடலாமா என்று தடுமாறுகிறார். ரயன் ஆபத்தில் இருக்கிறான் என்கிறார் அவளிடம். அவனைப் பற்றிக் கவலைப்படாதே என்கிறாள் அவள். அந்த ஒரு சொல்லில் தெரிந்துவிடுகிறது, இவள் கிரேஸ் இல்லை, கிரேஸ் ஒருநாளும் பேரனை விட்டுவிட்டு வா என்று சொல்ல மாட்டாள். திரும்பி வந்த பிறகு, அதுவரை பெயர் சொல்லியே கூப்பிட்ட ரயன் முதல்முறையாகத் தாத்தா என்கிறான். எங்கள் வீட்டில் அப்போது யாரும் பேசவில்லை, நான் எழுந்துபோய்க் கொஞ்ச நேரம் அடுப்படியில் பாத்திரம் கழுவினேன்.

மற்றதெல்லாம் சுருக்கமாக. டேனி பிங்க், கருப்பினத்தவர், டாக்டரின் தோழி கிளாராவின் காதலன், கணக்கு வாத்தியார், டாக்டர் அவரை விளையாட்டு வாத்தியார் என்றே கூப்பிடுவார், அவரும் செத்தார். மிஸ்ஃபிட்ஸ் என்ற இன்னொரு தொடரில் சைமனும் அலீஷாவும், நல்ல காதல், அதுவும் சாவில்தான் முடிந்தது. 2024இல் கருப்பின நடிகர் ஷூட்டி கட்வா டாக்டராக இருந்தபோது ஒரு கதை: ஊர் முழுக்க ஓடில்லாத நத்தை மாதிரி அரக்க ஜந்துக்கள், உயிர் பிழைத்த இளைஞர்களைத் தன் கப்பலில் ஏற்றிக் காப்பாற்றுகிறேன் என்று டாக்டர் கெஞ்சுகிறார், அவர் கருப்பு என்பதால் வர மறுத்துவிடுகிறார்கள். அந்த ஊரில் எல்லாமே வெள்ளை முகங்கள் என்பது அதுவரை என் கண்ணில் படவே இல்லை. முகத்தை எண்ணுவதில்லை என்று மேலே பெருமையாக எழுதியிருக்கிறேன் அல்லவா, அன்றைக்கு எண்ணியிருக்கலாம்.

சரி, போன மாதம் அந்த 2010 கதையை மறுபடி போட்டுப் பார்த்தேன், இந்தக் கட்டுரைக்காகத்தான். மார்த்தா, மிக்கி, சோபா, மதுரைக்காரன், எல்லாம் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு அந்தக் காட்சிக்குப் பிறகு சிரிப்பும் பேச்சுமாக மிச்சத்தை நாங்கள் சரியாகக் கவனிக்கவில்லை போலிருக்கிறது. அதே விடைபெறும் வரிசையில் சில நிமிஷம் கழித்து ஒரு கல்யாணம் வருகிறது. டாக்டரின் பழைய தோழி, வெள்ளைக்காரப் பெண் டோனா நோபிள் தேவாலயத்திலிருந்து வெள்ளை கவுனில் வெளியே வருகிறாள். பக்கத்தில் மாப்பிள்ளை ஷான் டெம்பிள். கருப்பினத்தவர். அது ஒரு பொருட்டாகவே யாரும் பேசவில்லை. டாக்டர் தூரத்திலிருந்து லாட்டரிச் சீட்டு ஒன்றை மொய்யாகக் கொடுத்தனுப்புகிறார். இத்தனை வருஷமாக ஒரு கல்யாணத்தைப் பற்றி முணுமுணுத்துக்கொண்டிருந்த எனக்கு, பக்கத்து மண்டபத்தில் நடந்த இன்னொரு கல்யாணம் கண்ணில் படவே இல்லை.

2023 நவம்பரில் தொடரின் அறுபதாவது ஆண்டுக்கு அவர்கள் திரும்பி வந்தார்கள். ஷான் டாக்ஸி ஓட்டுகிறார். லாட்டரிப் பணத்தை டோனா தானம் பண்ணிவிட்டாள். பதினைந்து வயது மகள் ரோஸ், கொல்லையில் கொட்டகை போட்டுப் பொம்மை செய்து விற்கிறாள். ஒரு சின்ன அடுப்படி, பில் கட்டும் கவலை, மாப்பிள்ளை, மாமியார். யாரும் சாகவில்லை. மாமியார் சில்வியா சமைப்பது டூனா மெட்ராஸ் என்ற கறி.

மதுரைக்காரன் இப்போது ஸ்காட்லாந்தில் இருக்கிறான், அவனும் தன் வீட்டில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். அந்த இடம் வந்ததும் போன் அடித்தது. கலப்பு மணத்தைப் பற்றித்தான் ஏதோ சொல்லப்போகிறான் என்று எடுத்தேன்.

"டூனாவுல என்னடா மெட்ராஸு?" என்றான்.